பொக்கைவாய் நல்லெண்ணெய்

2025 மே 14, புதன்

இரண்டு மூட்டை எள் வறுத்து முடித்தோம். கண்ணெல்லாம் புகை. பத்து மணி வாக்கில் ஒரு பெண் கடைக்கு வந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். ஜெங்ஜோவ் நகரத்துப் பேச்சு, காலில் வெள்ளை வெளேரென்று ஷூ. எண்ணெய்க் கடைக்கு வெள்ளை ஷூவோடு வந்தவளை இன்றுதான் பார்க்கிறேன். போகும்போது அதன் கதி என்ன என்று பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

"பொக்கைவாய் நல்லெண்ணெய் இருக்கா?" என்று பேர் சொல்லிக் கேட்டாள்.

அந்தப் பேரை என் முகத்துக்கு நேரே யாரும் சொல்லி மூன்று வருஷத்துக்கு மேல் ஆகிறது. பழைய வாடிக்கைக்காரர்கள்கூட "எண்ணெய் கொடு" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எண்ணெய் அதே எண்ணெய்தான், பாட்டில்தான் மொட்டை என்றேன். அவள் விடவில்லை. போனை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அந்த லேபிளை இப்போது ஒட்டுவதே இல்லையா, ஒன்றிரண்டாவது இருக்காதா என்று நோண்டினாள்.

"இல்லம்மா. அத நானே நிறுத்திட்டேன். ஒண்ணுகூட இல்ல."

இரண்டு பாட்டில் வாங்கினாள். பில் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஷூவில் ஒரு சொட்டு படாமல் போய்விட்டாள், கெட்டிக்காரி.

மே 15, வியாழன்

பாவ்தியன் காலையிலிருந்து அரைக்கும் கல்லைக் கொத்திக்கொண்டிருக்கிறார். நாங்கள் இருவரும் இன்று பேசியது மொத்தம் நாலு வார்த்தை. அதில் இரண்டு "இந்தா".

அவர் பேரை எழுதும்போதெல்லாம் அசலூர் ஆளைப் பற்றி எழுதுவதுபோல் இருக்கிறது. பதினாறு வருஷம் அவரை "ஷுவாங் அப்பா" என்றுதான் கூப்பிட்டேன். அவருக்கு நான் "ஷுவாங் அம்மா". இந்த ஊரில் புருஷன் பெண்டாட்டி கூப்பிட்டுக்கொள்வது அப்படித்தான். பிள்ளை போன பிறகு எப்படிக் கூப்பிடுவது? அதை யாரும் சொல்லித்தரவில்லை.

ஜூலை 9, புதன்

பெய்ஜிங்கிலிருந்து தபால். தடித்த உறை, சிவப்பு முத்திரை. மூன்று முறை படித்தேன்.

"பொக்கைவாய்" என்ற எழுத்தும் படமும் சேர்ந்த எங்கள் வணிகச் சின்னத்தை மூன்று வருஷமாகப் பயன்படுத்தவில்லையாம். அதனால் அதை ரத்து செய்யும்படி ஜெங்ஜோவில் ஒரு தின்பண்டக் கம்பெனி மனுப் போட்டிருக்கிறதாம். 2022 ஜூன் தொடங்கி 2025 ஜூன் வரை நாங்கள் அதைப் போட்டு வியாபாரம் செய்தோம் என்பதற்கு இரண்டு மாதத்துக்குள் சான்று அனுப்ப வேண்டுமாம்.

சான்று! என் பிள்ளை முகத்துக்கு நான் சான்று காட்டணுமாம்.

அவள் வரைந்த படம் அது. ஆறு வயசு. முன்பல் இரண்டும் ஒரே வாரத்தில் விழுந்துவிட்டன. கடை பில்லின் முதுகில் பால்பாயிண்ட் பேனாவால் ஒரு வட்டம், இரண்டு ஜடை, காது வரைக்கும் வாய், வாய்க்கு நடுவே கறுப்பாக ஒரு ஓட்டை. "இது நான்" என்றாள். வணிகச் சின்னம் பதிந்து கொடுக்கும் யின் அதைக் கண்டு சிரித்து, அப்படியே எடுத்துக்கொண்டு போனாள். 2013-ல் பதிவானது. ஊர் முழுக்க "ஒரு பாட்டில் பொக்கைவாய் கொடு" என்று கேட்டார்கள். பன்னிரண்டு வயதில் ஷுவாங் சண்டைக்கு வந்தாள். "எனக்குப் பல்லு மொளச்சு அஞ்சு வருஷம் ஆச்சும்மா, உன் கடையில மட்டும் இன்னும் மொளைக்கல" என்றாள். பள்ளிக்கூடத்தில் அவளைக் கூப்பிடுவதே அப்படித்தானாம். கல்யாணத்துக்கு முன்னால் மாற்றிவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

2022 மார்ச். மழை, மின்சார ஸ்கூட்டர், லாரி. அதற்கு மேல் எழுத முடியாது.

லேபிளை நிறுத்தியது ஏப்ரலில். நூடுல்ஸ் கடையில் ஒருத்தன் எங்கள் காலிப் பாட்டிலில் சிகரெட்டைத் தேய்த்து அணைத்தான். தேய்த்த இடம் அவள் கன்னம். வீட்டுக்கு வந்து அன்றைக்கே எல்லாப் பாட்டிலிலும் லேபிளை உரித்தேன். கடைப் பலகையில் வெள்ளையடித்தேன். மிச்ச லேபிளைப் பெட்டியோடு பரணில் ஏற்றிவிட்டேன். அவளை இனி யாரும் எண்ணெய்க் கையால் தொடக்கூடாது.

ஆனால் 2023-ல் பதிவு முடிந்தபோது மறக்காமல் பணம் கட்டிப் புதுப்பித்தேன். சான்றிதழுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கிறேன். பத்து வருஷம். பத்து வருஷத்துக்கு இவளை யாரும் அசைக்க முடியாது என்று நினைத்தேனே.

ஜூலை 10, வியாழன்

யின்னிடம் போனேன். பன்னிரண்டு வருஷத்தில் அவளும் கண்ணாடி போட்டு, தலையில் இரண்டு நரை. கடிதத்தைப் பார்த்ததுமே முகம் வாடிவிட்டது.

புதுப்பிப்பது வேறு, பயன்படுத்துவது வேறு என்றாள். சட்டம் பேரைச் சந்தையில் நடமாடும் பொருளாகத்தான் பார்க்குமாம். பெட்டியில் பூட்டி வைத்தால் அது செத்த பேர். அவள் அப்படிச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஆயிரக்கணக்கில் பேர்களைப் பதிந்து அடுக்கி வைத்துக்கொண்டு, தேவைப்பட்டவனிடம் பேரம் பேசுகிற கும்பல் நாடெங்கும் பெருகிவிட்டது. அவர்களை ஒடுக்கத்தான் இப்போது இத்தனை கெடுபிடி, சட்டத்தையே திருத்திக்கொண்டிருக்கிறார்கள் என்று விளக்கினாள். "தப்பான சட்டம் இல்லக்கா. நானே அதனால எவ்வளவோ கேஸ் ஜெயிச்சிருக்கேன்."

"அப்ப நான் பதுக்கல்காரியா?"

"காகிதத்துல பாத்தா அப்படித்தான் தெரியும்."

பயன்படுத்தாமல் இருந்ததற்கு நியாயமான காரணம் இருந்தால் ஏற்பார்களாம். வெள்ளம், பூகம்பம், அரசாங்கத் தடை, திவால். துக்கம் உண்டா என்று கேட்டேன். யின் அச்சு இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது சும்மா இருந்தது, ஒன்றும் அச்சடிக்கவில்லை.

அப்புறம் ஒன்று கேட்டாள். இப்போதெல்லாம் ரத்து கேட்கிறவர்கள் முதலில் தேடிப் பார்த்து, சந்தையில் அந்தப் பேர் இல்லை என்று காட்ட வேண்டுமாம். கடைக்கே ஆள் அனுப்பிப் பேசவைத்துப் படம் பிடிப்பார்களாம். சமீபத்தில் யாராவது வந்து லேபிளைப் பற்றிக் கேட்டார்களா?

வெள்ளை ஷூ.

"ஒண்ணுகூட இல்ல." நானேதான் சொன்னேன். என் வாயாலேயே, அவள் போனுக்குள்ளே, தெளிவாக. பஸ்ஸில் வரும்போது என் வாயில் நானே அடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விட்டார்.

ஜூலை 13, ஞாயிறு

பரணில் ஏறினேன். மூன்று பெட்டி லேபிள். ஒவ்வொன்றிலும் சுருள் சுருளாக அவள் முகம். நாலாயிரம் இருக்கும்.

மேல் பெட்டியின் பசைநாடா மாறியிருந்தது. நான் ஒட்டியது பழுப்பு நாடா. இப்போது இருப்பது வெள்ளை. சுருளில் கொஞ்சம் குறைகிறது. எண்ணிப் பார்த்தேன். நாற்பது லேபிள் இல்லை.

எலி நாடா ஒட்டாது. வீட்டில் நானும் அவரும்தான்.

ஜூலை 14, திங்கள்

ராத்திரி பூராவும் ஒன்றையே வேண்டிக்கொண்டிருந்தேன். இந்த மனுஷன் என்னை ஏமாத்தியிருக்கணும். எனக்குத் தெரியாம அந்த லேபிள ஒட்டி யாருக்காவது வித்திருக்கணும். முப்பது வருஷக் குடித்தனத்தில் புருஷன் பொய்யனாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

காலையில் கஞ்சியை வைத்துவிட்டுக் கேட்டேன். யாருக்கு வித்த?

கரண்டி நின்றது. எழுந்து உள்ளே போனார். எள் கொட்டி வைக்கும் தகரப் பீப்பாய்க்குப் பின்னாலிருந்து ஒரு பில் புத்தகத்தை எடுத்து வந்து மேசையில் வைத்துவிட்டு, வறுக்கிற அடுப்பைப் பற்றவைக்கப் போய்விட்டார்.

கடையின் பழைய பில் புத்தகம்தான். வரிசை எண், முத்திரை, கார்பன் நகல், எல்லாம் ஒழுங்கு. மாதம் ஒன்று. 'பொக்கைவாய் நல்லெண்ணெய், சிறிய பாட்டில், ஒன்று.' கீழே பெற்றுக்கொண்டவர் கையெழுத்து: 'சார்பாக, மு.' எல்லாப் பக்கத்திலும் அதே நடுங்கும் மு.

வாங்கியவர் பேர்: கோவ் ஷுவாங்.

விலாசம்: அஸ்தி மண்டபம், மூன்றாம் கூடம், ஏழாம் வரிசை, 212.

ஜூலை 15, செவ்வாய்

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை.

நான் அந்த மண்டபத்துக்கு ஒருநாளும் போனதில்லை. பெற்றவர்கள் பிள்ளையை வழியனுப்பக்கூடாது என்பது இங்கே வழக்கம். எரித்த அன்று என் நாத்தனார்கள் இருவர் என்னைக் கட்டிலோடு பிடித்துவைத்தார்கள். கல்யாணமாகாத பெண் என்பதால் குடும்பத்து மயானத்திலும் இடமில்லை. கண்ணாடிக் கதவு போட்ட ஒரு மாடம் வாங்கினார், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். மூத்தவர் இளையவருக்குப் பத்தி கொளுத்தக்கூடாது, காகிதம் எரிக்கக்கூடாது, படையல் வைக்கக்கூடாது. வைத்தால் போன பிள்ளைக்குப் பாரமாம்.

அதனால் இவர் விற்றிருக்கிறார்.

அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "படைச்சாத்தான தப்பு? வித்தா தப்பில்லையே. கடைக்காரன் வாடிக்கைக்குச் சரக்குக் கொண்டுபோய்க் கொடுக்கறான். அதுல பெரியவன் சின்னவன் என்ன இருக்கு?"

மாதாமாதம் ஒரு சின்னப் பாட்டில். லேபிள் ஒட்டி, பில் போட்டு. மண்டபத்துக் காவலர் மு கிழவர் சார்பாகக் கையெழுத்துப் போடுவார். விலையை இவரே தன் சிகரெட் காசிலிருந்து கல்லாவில் போட்டுவிடுவார். சிகரெட்டை விட்டது இருமலுக்காக என்று நினைத்திருந்தேன்.

போன மாதத்துப் பாட்டிலை என்ன செய்தாய் என்றேன்.

"வீட்டுக்குக் கொண்டாந்துடுவேன். லேபிள உரிச்சிட்டு அடுப்படியில வைப்பேன்."

மூன்று வருஷமாக அடுப்படியில் அந்தச் சின்னப் பாட்டில் இருக்கிறது. ஆலை வைத்திருக்கிறவன் வீட்டுக்கு இத்தனூண்டு எண்ணெய் கொண்டுவருகிறானே, கஞ்சன் என்று திட்டியிருக்கிறேன். திட்டிக்கொண்டே கீரையில் ஊற்றியிருக்கிறேன். அவள் முன்னால் ஒரு மாதம் இருந்த எண்ணெய். அதைத்தான் நாங்கள் தின்றோம்.

அழுதேன். அவர் எள்ளைக் கிளறிக்கொண்டிருந்தார். ஒரு பிடிகூடக் கருகவில்லை.

ஜூலை 17, வியாழன்

இருவரும் யின் அலுவலகத்துக்குப் போனோம். புத்தகத்தைப் புரட்டப் புரட்ட அவள் முகம் மலர்ந்தது. தேதி இருக்கிறது, சின்னத்தின் பேர் இருக்கிறது, பெற்றுக்கொண்ட கையெழுத்து இருக்கிறது, அவர்கள் கேட்கிற மூன்று வருஷத்தில் ஒரு மாதம்கூட விடவில்லை. இப்படி ஒரு கோப்பை யாருமே கொண்டுவந்ததில்லை என்றாள். அப்புறம் விலாசத்தைப் படித்தாள்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். துடைத்து முடிக்க நேரம் பிடித்தது.

சட்டப்படி இது வியாபாரம் ஆகாது என்று மெதுவாகச் சொன்னாள். வாங்குபவர் உயிரோடு இருக்க வேண்டும் என்று எந்தப் பிரிவிலும் எழுதவில்லை, எழுத வேண்டிய அவசியம் யாருக்கும் வந்ததில்லை. பேர் மட்டும் தெரிந்தால் யாருக்கும் சந்தேகம் வராது. விலாசம்தான் இடிக்கிறது. புதிதாகப் பில் எழுதினால் அது பொய்ச் சான்று, இப்போது அபராதம், தன்னால் அதற்குத் துணைபோக முடியாது. ஆனால் நகல் எடுக்கும்போது ஒரு துண்டுக் காகிதம் விலாச வரிமேல் கிடந்தால் அது தன் கண்ணில் படாமல் போகலாம் என்றாள். சொல்லும்போது எங்களைப் பார்க்கவில்லை.

நான் உடனே சரி என்றேன்.

பாவ்தியன் புத்தகத்தை எடுத்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஆகஸ்ட் 4, திங்கள்

பதினெட்டு நாளாக ஒரே சண்டை. சண்டை என்றால் நான் கத்துவேன், அவர் செம்புக் குடுவையை எடுத்து எள் விழுதில் இறக்கி ஏற்றி இறக்கி ஏற்றி எண்ணெய் பிரிப்பார். எண்ணெய் மேலே வரும். பேச்சு வராது.

அந்தக் கம்பெனிக்காரன் நாளைக்கு மாவு உருண்டை பாக்கெட்டில் அவள் பேரைப் போடுவான், குப்பையில் கிடக்கும், செருப்புக் காலால் மிதிப்பார்கள், உனக்குப் பரவாயில்லையா? ஒரு வரி. ஒரே ஒரு வரியை மறைத்தால் பேர் நமக்கு. இவ்வளவுதான் கேட்டேன்.

இன்று மத்தியானம் குடுவையைக் கீழே வைத்தார்.

"அவ இருக்கிற இடம் இப்ப அது ஒண்ணுதான். அதயும் மறச்சிட்டு எதக் காப்பாத்தப்போற?"

ஆகஸ்ட் 5, செவ்வாய்

யின்னுக்குப் போன் பண்ணி, துண்டுக் காகிதம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

அனுப்பிவிட்டோம். பில்லெல்லாம் முழுசாக, விலாசத்தோடு. கூடவே நானும் ஒரு பக்கம் எழுதினேன். லேபிளை நிறுத்தியது நான், இந்த வாடிக்கையாளர் எங்கள் மகள், 2022 மார்ச்சில் காலமானாள், ஆனாலும் சரக்கு ஒரு மாதமும் தவறாமல் போய்ச் சேர்ந்திருக்கிறது. இதையெல்லாம் அங்கே படிக்க மாட்டார்கள் அக்கா என்றாள் யின். இருந்தாலும் எடுத்து மேலே வைத்தாள்.

அஞ்சல் அலுவலகத்தில் உறையை நீட்டும்போது என் கை விடமாட்டேன் என்றது. கவுண்டர்ப் பெண் இழுத்துத்தான் வாங்கினாள்.

செப்டம்பர் 23, செவ்வாய்

புது எள் வந்திறங்கிவிட்டது. இந்த வருஷம் மழை அதிகம், மணி சிறுத்திருக்கிறது. இடுப்பு வலி.

அவர் மாதக் கடைசியில் மண்டபத்துக்குப் போகும்போது இப்போது என்னிடம் சொல்லிவிட்டுப் போகிறார். வா என்று கூப்பிடவில்லை. நானும் வருகிறேன் என்று சொல்லவில்லை. பாட்டிலை மட்டும் துடைத்துக் கொடுத்தேன்.

நவம்பர் 20, வியாழன்

வெள்ளை ஷூ போன் பண்ணினாள். பேர் சொன்னாள், மனதில் நிற்கவில்லை. கம்பெனி சண்டையை நீட்டிக்க விரும்பவில்லையாம், சின்னத்தை விலைக்குக் கொடுத்துவிட்டால் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள்வார்களாம். தொகை சொன்னாள். நல்ல தொகைதான், பொய் சொல்லக்கூடாது.

படத்தை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"படம் வேணாம் அத்தை, பேரு மட்டும் போதும். பல்லில்லாத வாய் சின்னப் பசங்க தின்பண்டத்துக்கு எடுபடாதுன்னு டிசைன்ல சொல்லிட்டாங்க. நாங்க வேற பாப்பா வரஞ்சுக்குவோம்."

கோபம் வரவேண்டும். வந்தது என்னவோ வேறு. உனக்கு என் பிள்ளை வேண்டாமா? ஏன் வேண்டாம்? அவளுக்கு என்ன குறைச்சல்? பெண் பார்க்க வந்தவர்கள் தட்டிக்கழித்துவிட்டுப் போனதுபோல் கொதித்தேன். கொடுக்க முடியாது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வைத்த பிறகு தோன்றுகிறது. அந்தப் பெண்ணுக்கு எதுவும் தெரியாது. அவளை அனுப்பினார்கள், வந்தாள். நான் மே மாதம் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் ஒருவேளை போனைக் கீழே இறக்கியிருப்பாள்.

2026 பிப்ரவரி 17, செவ்வாய்

புத்தாண்டு. இரண்டு கிண்ணம் போதும் என்று இன்னும் கைக்குத் தெரியவில்லை. மூன்று எடுத்தேன். அவர் மூன்றிலும் மாவுக் கொழுக்கட்டை போட்டார்.

மார்ச் 18, புதன்

வந்துவிட்டது.

எல்லாவற்றையும் படித்திருக்கிறார்கள். ஒவ்வொரு பில்லின் எண்ணையும் குறிப்பிட்டிருக்கிறார்கள். 'மேற்படி விநியோகம் வணிக நோக்கம் கொண்டதல்ல. பொருள் சந்தைப் புழக்கத்துக்கு வரவில்லை. எனவே இது சட்டம் கருதும் பயன்பாடு ஆகாது.' பதிவு ரத்து.

நானேதான். லாரி ஒரு தடவை. பெத்தவ நான் ஒரு தடவை. அந்த ஏப்ரல்ல பேசாம இருந்திருக்கலாமே, சிகரெட்ட அணைச்சா அணைச்சிட்டுப் போறான், கன்னத்துல ஒரு கறுப்பு, துடச்சா போயிருக்குமே. நான் பொத்திப் பொத்தி வெச்சே அவளத் தொலச்சிட்டேன்.

கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றிச் சான்றிதழை எடுத்தேன். சுவரில் அந்த இடம் மட்டும் வெள்ளையாக இருக்கிறது. மற்ற இடமெல்லாம் எண்ணெய்ப் புகை.

மார்ச் 22, ஞாயிறு

யின் கடைக்கே வந்தாள், ஒரு கூடை முட்டையோடு. பதினைந்து நாளுக்குள் மறுபரிசீலனை கேட்கலாம், கேளுங்கள், தனக்குக் கூலி வேண்டாம் என்றாள். விதி தெரியாத அதிகாரி அல்ல இதை எழுதியவர், ஆனால் மூன்று பேர் உட்கார்ந்து பார்த்தால் ஒருவேளை மனம் இரங்கலாம்.

அதில் என்னென்ன நடக்கும் என்று கேட்டேன்.

பில்லையெல்லாம் எதிர்த்தரப்புக்கு அனுப்புவார்களாம். அவர்கள் வக்கீல் ஒவ்வொன்றாக மறுத்து எழுதுவாராம்.

"மறுக்கிறதுன்னா? என்ன எழுதுவாரு?"

யின் முட்டையைப் பார்த்தாள். "வாங்கினவங்க உயிரோட இல்லன்னு எழுதுவாரு. இறப்புச் சான்று கேப்பாரு. அது அவரு வேலக்கா."

முப்பத்தாறு பில். முப்பத்தாறு தடவை எழுதுவான், செத்துட்டா, செத்துட்டா என்று. நான் ஒரு தடவைகூட எழுதவில்லை அந்த வார்த்தையை. அதிகாரிக்கு எழுதிய கடிதத்தில்கூடக் 'காலமானாள்' என்றுதான் எழுதினேன்.

பாவ்தியனைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீ சொல்வதுதான் என்பதுபோல் தலையை ஆட்டினார்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பேரை எடுத்துக்கொள்ளட்டும். அவளை ஒரு வக்கீல் கையில் கொடுக்க மாட்டேன்.

யின் போகும்போது கதவருகே நின்றாள். ரத்தானபின் கம்பெனி அந்தப் பேரை வாங்கிவிடும், அதன்பிறகு அந்த லேபிளை ஒட்டி ஒரு பாட்டில்கூட விற்றுவிடாதீர்கள், வழக்குப் போடுவார்கள் என்றாள். அப்புறம் எதையோ யோசித்து, திரும்பி, அந்தத் தீர்ப்புத் தாளை வாங்கி ஒரு வரியை விரலால் தொட்டுக் காட்டினாள். 'வணிக நோக்கம் கொண்டதல்ல.'

"வித்தாத்தாங்க்கா தப்பு" என்றாள்.

ஏப்ரல் 5, ஞாயிறு

இன்று கல்லறை நாள். ஊரே கட்டுக்கட்டாகக் காகிதமும் பூவுமாகக் கிளம்பியது. கடையை அடைத்தோம். பரணிலிருந்து பெட்டியை இறக்கி ஒரு லேபிளை நானே உரித்து, சின்னப் பாட்டிலில் ஒட்டினேன். பழக்கம் விட்டுப்போனதால் கோணலாக ஒட்டிக்கொண்டது. சரிசெய்யப் போனேன். இருக்கட்டும் என்றார். அவள் வரைந்ததே கோணல்தானே என்றார்.

நானும் கிளம்பினேன். நாத்தனார் போன் பண்ணி, பெற்றவள் போகக்கூடாது, வழக்கமில்லை என்று ஆரம்பித்தாள். நான் எண்ணெய் கொடுத்துவிட்டு வரத்தான் போகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மூன்றாம் கூடம். ஏழாம் வரிசை. நான் நினைத்ததைவிடக் கீழே இருக்கிறது, என் இடுப்பு உயரம். ஆறு வயதில் அவள் நின்றால் தலை வரும் உயரம். கண்ணாடிக்குள் பள்ளிக்கூடப் படம், எல்லாப் பல்லும் இருக்கிற படம். அதற்கு முன்னால் போன மாதத்துப் பாட்டில், பல்லில்லாத படம். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தன. தரையில் உட்கார்ந்துவிட்டேன். யாரும் என்னைக் கட்டிலோடு பிடிக்கவில்லை. உட்கார்ந்து அழுதேன், நாலு வருஷத்து அழுகை.

மு கிழவர் வந்தார். எண்பது வயதிருக்கும், காது மந்தம். பழக்கதோஷத்தில் பேனாவை எடுத்துக்கொண்டே வந்தவர், பாவ்தியனிடம் கையை நீட்டினார்.

"பில்லு எங்க?"

"இனிமே பில் இல்ல தாத்தா."

"ஏன், கடைய மூடிட்டியா?"

"கடை இருக்கு. இது வியாபாரம் இல்லன்னு பெய்ஜிங்லேயே எழுதிக் குடுத்துட்டாங்க. முத்திரை போட்டு."

கிழவருக்குப் பாதிதான் கேட்டிருக்கும். பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "வியாபாரம் இல்லன்னா வேறென்ன?" என்று கேட்டார்.

நான் சொன்னேன். "எங்க பொண்ணுக்கு எண்ணெய் கொண்டாந்திருக்கோம்."

அவ்வளவுதான். இதைச் சொல்லத்தான் அந்த மனுஷன் நாலு வருஷம் பில் எழுதினார்.

கிழவர் கண்ணாடிக் கதவைத் திறந்துவிட்டார். பழைய பாட்டிலை எடுத்துவிட்டுப் புதியதை நான் வைத்தேன். முகம் வெளியே பார்க்கும்படி.

எழுந்திருக்க முடியவில்லை. அவர் கை கொடுத்தார்.

"எந்திரி, ஷுவாங் அம்மா. தரை சில்லுன்னு இருக்கு."

ஏப்ரல் 6, திங்கள்

மத்தியானம் வெள்ளரிக்காய் நசுக்கினேன். பூண்டு, உப்பு, கொஞ்சம் வினிகர். நேற்று எடுத்து வந்த பாட்டிலிலிருந்து எண்ணெய் விட்டேன். லேபிளை உரிக்கவில்லை. சாப்பாட்டு மேசையில், எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே அப்படியே நின்றது. அவர் சாப்பிட்டுக்கொண்டே எண்ணெய்க் கையால் அதை எடுத்துத் தள்ளி வைத்தார். கன்னத்தில் விரல் ரேகை விழுந்தது. துடைக்கவில்லை.

பரணில் இன்னும் நாலாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கிறது. மாதம் ஒன்று. ஷுவாங் அப்பா கணக்குப் போட்டுச் சொன்னார், முந்நூறு வருஷத்துக்கு வருமாம்.